உக்கிய கட்டையும் நொதியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரத்தை நொதியங்களால், அதாவது பூஞ்சணம் போன்றவை சுரக்கும் என்சைம்களால், பிரித்துப் புதுப் பொருட்கள் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு மரக்காலையில் கணக்கு எழுதுகிறவன் நான். கட்டுரை நல்லதுதான். ஆனால் ஏதோ ஆய்வுகூடத்தில் பிறந்த வித்தை போல எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை.

போன கிழமை, மழையில் கிடந்த மாங்கட்டை ஒன்றைப் புரட்டினேன். வெளிறிப்போய், விரலால் இழுக்க நார் நாராக வந்தது. பக்கத்தில் கிடந்த பைன் பலகையோ மண்ணிறமாகி, வெடித்து, சின்னச் சின்னக் கட்டிகளாக உதிர்ந்தது. இரண்டும் உக்கல்தான். முதலாவதில் பூஞ்சணம் தன் நொதியங்களால், மர நாரைப் பசைபோல ஒட்டிப் பிடித்திருக்கும் இலிக்னினை உடைத்துச் செலுலோசு நாரை மிச்சம் விட்டிருக்கிறது. மற்றது செலுலோசைத் தின்று இலிக்னினை விட்டிருக்கிறது. கட்டுரையாளர் சொல்லும் பிரிப்பு வேலை இதுதானே!

செலுலோசை உடைக்கும் நொதியத்துக்குப் பேர்போன டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சண வகையும் இரண்டாம் உலகப்போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை உக்க வைத்தபோதுதான் அகப்பட்டது. (எங்கள் போரில் எங்களுக்குக் கிடைத்தது தறப்பாள். அதைப் பூஞ்சணமும் தீண்டாது.)

இன்னொன்று. இரசாயனமே வேண்டாம், நொதியம் போதும் என்ற கட்டுரையின் தொனி சரியில்லை. நொதியம் பெரிய புரத மூலக்கூறு, முழு மரத்துக்குள் அதனால் நுழைய முடியாது. முதலில் நீராவியாலோ காரத்தாலோ மரத்தைத் திறந்துவிட வேண்டும். அந்தச் செலவைக் கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு அது கண்ணில் குத்தும்.

அப்புறம் எங்கள் முதிரை மரம். உக்காது என்பதற்காகவே நிலை, கதவுக்கு அதைக் கேட்டு வருகிறார்கள். அதன் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், ஊறியிருக்கும் சாரங்கள் பூஞ்சணத்தை அண்டவிடுவதில்லை. பூஞ்சணத்துக்கே மசியாத மரம் அதன் நொதியத்துக்கு மட்டும் லேசில் மசியுமா? பின்லாந்தின் பைன், பேர்ச் மரங்களுக்குச் சரிவந்தது இங்கே அப்படியே சரிவரும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. மாந்தூள், வைக்கோல் என்று தொடங்கினால் பிழைக்க வழியுண்டு.

கட்டுரையாளர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் என்று போட்டிருந்தீர்கள். அவருக்கு மாதிரி தேவையென்றால் இங்கே மரத்தூள் மலையாகக் கிடக்கிறது, காசு வேண்டாம். முதிரைத்தூளையும் மாந்தூளையும் வேறு வேறு சாக்கில் கட்டி வைக்கிறேன், மாரி தொடங்க முதல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரக்காலைக் கணக்குப்பிள்ளை,
மாங்குளம்