டேங்க்ல போர்டு வைங்க, பேப்பர்லயும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணு கோயம்புத்தூர்ல சிறுவாணி தண்ணி வர்ற பக்கம் குடியிருக்கா. அங்க சோப்பை லேசா தேய்ச்சாலே நுரை பொங்குது. இங்க பாலக்கோட்டுல போர் தண்ணியில அதே சோப்பு திரிஞ்சு போகுது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகறதில்ல, ஹீட்டர் காயில்ல வெள்ளையா உப்பு கட்டி கரண்ட் பில்லு ஏறுது. சிறுவாணி மலையில பெஞ்ச மழை அணையில தேங்கி வர்றது, நம்ம போர் தண்ணி பாறை இடுக்குல ரொம்ப காலம் கிடந்து கால்சியம் மெக்னீசியத்தை கரைச்சுக்கிட்டு மேல வருது, அதான் வித்தியாசம்.

குடிநீர்ல கடினத்தன்மை, அதாவது இந்த கால்சியம் மெக்னீசியம் உப்போட அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்கலன்னா 600 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. இதையாவது சோப்பும் பருப்பும் காட்டிக் குடுத்துரும். ஃபுளோரைடு அப்படி இல்லீங்க, நிறமும் இல்ல ருசியும் இல்ல, அதுக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப் போனா 1.5 தான் கணக்கு. அது கூடிப்போய் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பல்லு காவி புடிச்ச பிள்ளைங்களும் மூட்டு மடக்க முடியாத பெரியவங்களும் எத்தனை பேரு! பருப்பு வெந்தா நல்ல தண்ணின்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, அதை நம்பவே கூடாது. தண்ணியில இருக்குற கால்சியம்தான் ஃபுளோரைடை பிடிச்சு கீழ படிய வெச்சிரும், அதனால கால்சியம் கம்மியா இருக்குற தண்ணியிலதான் பல இடத்துல ஃபுளோரைடு கூட. கொதிக்க வெச்சா உப்புல ஒரு பங்கு பாத்திரத்துல ஒட்டிக்கும், ஃபுளோரைடு போகவே போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்ஓ விக்க வர்றவங்க காட்டுற டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் சொல்லும், எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்லாது.

இதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013ல வந்துச்சு, காவேரி தண்ணி வந்தது பெரிய விஷயம், மறுக்கல. ஆனா எங்க தெருவுல ஒரு நாள் ஒகேனக்கல் தண்ணி, ஒரு நாள் போர் தண்ணி, ஒரு நாள் ரெண்டும் கலந்து வருது, எதை குடிக்க பிடிக்கறது எதை துணிக்கு வெக்கறதுன்னு யாரும் சொல்றதில்ல. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துலயே லேப் இருக்கு, ஊருக்கு ஊரு டெஸ்ட் கிட்டும் குடுத்து பொம்பளைங்களுக்கு பழக்கியும் விட்டிருக்காங்க. அந்த ரிசல்ட்டை ஒவ்வொரு டேங்க்லயும் தேதி போட்டு, எந்த தண்ணி, கடினத்தன்மை எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவுன்னு போர்டுல எழுதி வெக்கட்டும்.

ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடின்னு பேப்பர்ல போடறீங்க, அது பக்கத்துலயே மாசம் ஒரு தடவையாவது இந்த ரெண்டு கணக்கையும் ஊர் வாரியா கேட்டு வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு
வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்