குவாதலூப் மணல்: தட்சிணாவுக்கு ஒரு கடிதம்

சார்செல், பாரீஸ் அருகில்,
மே மாதம்.

அன்புள்ள தட்சிணா,

உன் கடிதம் வந்தது. இடது கண்ணுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன் என்று பெருமையடித்திருக்கிறாய். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சொட்டு மருந்தை மட்டும் தங்கச்சி கையால் போட்டுக்கொள். நீயே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில்தான் விழும்.

கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் வரைக்கும் போனவன் ஒரு பிடி மணல் கொண்டுவரக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். ரிட்டயராகி இத்தனை வருஷம் ஆகியும் ஜியாகிரபி வாத்தியார் புத்தி உன்னை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்து அலமாரியில் நீ வரிசையாக வைத்திருந்த மணல் குப்பிகள் எனக்கும் ஞாபகம் வந்தன. ஆனால் பிரான்ஸ் சட்டத்தில் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வருவது குற்றம், அபராதம் உண்டு. குவாதலூப் 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனாலும் அதே யூரோ, அதே போலீஸ், அதே சட்டம். ஆகவே மணலை எழுத்தில்தான் அனுப்ப முடியும்.

சின்னவள் அங்கே லிசே என்கிற மேல்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சராக மாற்றலாகிப் போனதை முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? ஈஸ்டர் விடுமுறைக்கு அவள் கூப்பிட்டாள் என்றுதான் போனேன். கரீபியன் என்றால் வெள்ளை மணல், நீலத் தண்ணீர், சாய்ந்த தென்னை, இதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பில்தான் விமானம் ஏறினேன். அந்தப் படம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தீவின் ஒரு மூலைதான் அது.

மேப்பை எடுத்துப் பார். பட்டாம்பூச்சி மாதிரி தெரியும் ஒரே தீவு, உண்மையில் இரண்டு. நடுவில் ஆறு மாதிரி ஒரு குறுகிய கடல் ஓடுகிறது. கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புப் பாறை, கரும்புக் காடு. மேற்கு இறக்கை பாஸ்-தேர்: மலை, மழைக்காடு, வாழைத்தோட்டம், உச்சியில் 1,467 மீட்டர் உயரத்தில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் சூஃப்ரியேர் எரிமலை. 1976-ல் அது உறுமியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்ததாம். ஒரு இறக்கை பவளத்தால் ஆனது, இன்னொன்று நெருப்பால் ஆனது. மணலின் நிறம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. கரை எந்தக் கடலைப் பார்க்கிறது என்பது அடுத்தது. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே கரீபியன். பருவம் மாறாமல் கிழக்கிலிருந்தே அடிக்கும் காற்று ஒரு பக்கத்தை அடித்துக்கொண்டே இருக்கிறது, மறுபக்கத்தை மலை காப்பாற்றுகிறது.

சேந்த்-ஆன் ஊர்க் கடற்கரைதான் காலண்டரில் வருவது. மாவு மாதிரி வெள்ளை மணல். பவளத் திட்டு தூரத்திலேயே அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் சிறுபிள்ளைகள் உட்கார்ந்து விளையாடும் அளவுக்கு அமைதி. அந்த மணலில் ஒரு பங்கு கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று வெளியே தள்ளியது என்று பேத்திக்குச் சொன்னேன். அன்று முழுக்க அவள் செருப்பைக் கழற்றவில்லை. அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் எனக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. பாரீஸிலிருந்து வெயிலுக்கு ஏங்கி வந்தவர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஈஸ்டர் கூட்டம். வடக்கே போர்-லூயியின் சூஃப்லேர் கடற்கரைக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். ஈஸ்டருக்கு அந்த ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். தார்ப்பாய், மெத்தை, அண்டா, ஜெனரேட்டர், பாட்டியின் நாற்காலி வரை வந்து இறங்குகிறது. திங்கட்கிழமை நண்டு சமைத்தாக வேண்டும், அது விதி. தரை நண்டைப் பிடித்து, சில நாள் கூண்டில் இரை போட்டு வளர்த்து, அரிசியோடு சேர்த்துக் காரமாக வேகவைக்கிறார்கள். மத்தேத்தே என்று பெயர். பக்கத்துக் கூடாரத்து அம்மாள் எங்களுக்கும் ஒரு தட்டு நீட்டினாள். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சத் தெரிந்தவன் என்று கண்டுகொண்டதும் இரண்டாவது தட்டும் வந்தது. கிழவிகள் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசுகிறார்கள். நீச்சல் அடிப்பவர் யாரையும் காணோம்.

இப்படித் தங்க முடிவதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். கடலோரத்திலிருந்து ஐம்பது அடிவைப்பு, அதாவது 81.20 மீட்டர், ராஜாவுக்குச் சொந்தம் என்று காலனிக் காலத்தில் ஒதுக்கி வைத்தார்கள். கோட்டை கட்டவும் எதிரிக் கப்பலைப் பார்க்கவும் வேண்டி. ராஜா போய்விட்டார், பட்டை மட்டும் அரசாங்கத்தின் பொது நிலமாக நின்றுவிட்டது. நிலமில்லாத ஏழைகள் அதில் குடிசை போட்டது தனிக் கதை. ஆனால் எந்தப் பெரிய விடுதியும் மணலுக்கு வேலி போட்டு இது என் கடற்கரை என்று சொல்ல முடியாது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முளைக்கிற ரிசார்ட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

அதே கிராந்த்-தேரில் அட்லாண்டிக் பக்கம் லெ மூல் என்ற ஊர். அங்கே சேந்த்-மார்கரித் என்று ஒரு கரை, காற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. 1990-களில் புயல் மணலை அரித்துப் போட்டபோது மனித எலும்புகள் வெளியே வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளைப் புதைத்த இடம். தோண்டி ஆராய்ந்தவர்கள் சிலரின் முன்பற்கள் செதுக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அது ஆப்பிரிக்க வழக்கம், தீவில் பிறந்தவர்கள் அல்ல என்பதற்கு அடையாளம். அங்கேயும் மணல் வெள்ளைதான். சேந்த்-ஆன் மணலைப் போட்ட குப்பிக்குப் பக்கத்தில் இதையும் வைத்தால் உன் மாணவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மேற்கு இறக்கைக்கு வந்தால் எல்லாமே மாறிவிடுகிறது. வடமேற்கில் தெஹே ஊருக்குப் பக்கத்தில் கிராந்த்-ஆன்ஸ், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மணல் பொன்னும் காவியும் கலந்த நிறம். சூரியன் கடலுக்குள் இறங்குவதை அங்கேதான் பார்த்தேன். நம்மூர்க்காரனுக்குக் கடலில் உதயம் பழக்கம், அஸ்தமனம் கிடையாது. நீயும் கன்னியாகுமரிக்கு எக்ஸ்கர்ஷன் போனபோதுதான் பார்த்திருப்பாய்.

அங்கே மரத்தடியில் உட்காருமுன் அடிமரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். மான்சினியே என்று ஒரு மரம். நல்ல நிழல், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம், ஆனால் முழுக்க விஷம். பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் இலையில் வழிந்து சொட்டும் தண்ணீரே கொப்புளம் போட வைக்கும். மரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். வேர் மணலைப் பிடித்துவைக்கிறது என்பதால் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், நியாயம்தான்.

இன்னும் தெற்கே மலாந்துர். மணல் சாம்பல் நிறம், முதல் பார்வையில் அழுக்கு என்று தோன்றும். முகமூடியைப் போட்டுத் தலையைக் குனிந்தால் கடல்புல்லை மேய்ந்துகொண்டு பச்சை ஆமைகள். நாங்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதையே அவை சட்டை செய்யவில்லை. அடுத்த ஊர் புயாந்த். பூமியின் சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. சூடான தண்ணீர் கடலில் வந்து கலக்கும் இடத்தில் கிழடுகள் எல்லாம் முட்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். முட்டிவலி போயிற்றா என்று கேட்காதே. உட்கார்ந்திருந்த வரைக்கும் போயிற்று.

தென்கோடியில் த்ருவா-ரிவியேர் என்ற ஊரின் கடற்கரைதான் உனக்கு. மணல் கரிக்கறுப்பு. எரிமலைப் பாறை உடைந்து வந்தது. பேத்தி பொம்மைக் காந்தத்தை அதில் இழுத்தாள், மணல் ஒட்டிக் காந்தத்துக்கு மீசை முளைத்தது. நம் கரையிலும் அலை விட்டுப்போகும் கறுப்புக் கோட்டில் நீ எங்களுக்குக் காந்தம் வைத்துக் காட்டுவாயே, அந்தக் கோடே ஒரு கடற்கரையாக விரிந்து கிடக்கிறது. மதியத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அலையும் முரடு, இறங்கிக் குளிக்க யாரும் துணிவதில்லை. அதனாலேயே கூட்டமும் இல்லை. முட்டையிட ஆமைகள் தேர்ந்தெடுத்திருப்பது இந்தக் கரையைத்தான். திரும்பவும் போகச் சொன்னால் நான் போவது இங்கேதான்.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன். கபெஸ்தேர், பாஸ்-தேரின் கிழக்குக் கரை. 1493 நவம்பரில் கொலம்பஸ் இறங்கிய இடம் என்று அங்கே ஒரு சிலை நிற்கிறது. அந்தக் கரை எந்த விளம்பரத்திலும் வராது. 2011-லிருந்து அட்லாண்டிக் சுமந்துவந்து கொட்டும் சர்காசம் பாசி பழுப்பு மலையாகக் குவிந்து அழுகுகிறது. அழுகின முட்டை நாற்றம். அந்த வாயுவில் வீட்டு ஏசியும் டிவியும்கூட அரித்துப்போகின்றன என்று புலம்புகிறார்கள். போதாக்குறைக்கு, வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கு என்று 1993 வரை தோட்டங்களில் தூவிய குளோர்தெக்கோன் மருந்து மண்ணிலேயே தங்கி, ஆற்றோடு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சில பகுதிகளில் மீன் பிடிக்கவே தடை. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஆட்கள் நிறையப் பேர் வாழ்வது அந்தப் பக்கம்தான். 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24-ம் தேதி ஓரேலி என்ற கப்பல் முந்நூறு சொச்சம் பேரோடு வந்து சேர்ந்தது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேல். புதுச்சேரி, காரைக்கால், பிற்பாடு கல்கத்தா. கபெஸ்தேர் சாலையோரத்தில் ஷாங்கி மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. அங்கே சந்தித்த ஒரு பெரியவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் அம்மன் பாட்டை வழிவழியாகக் காதால் கேட்டு முழுசாக வைத்திருக்கிறார். எனக்குப் பாதிதான் புரிந்தது. என் ஊர் காரைக்கால் என்றேன். அந்தத் துறைமுகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். வாஞ்சூர் பக்கம் புதிதாக ஒன்று கட்டி நிலக்கரி இறக்குகிறார்கள் என்றேன். “அப்போது ஆளை ஏற்றினார்கள், இப்போது கரியை இறக்குகிறார்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவரைப் பற்றியும் அங்கேதான் விவரமாகக் கேட்டேன். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் தொடங்கி, 1923 வரை அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர். காரைக்கால் 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு என் அப்பா ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய குடியுரிமையில்தான் நான் இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதே குடியுரிமைக்கு அந்த மனிதர் பத்தொன்பது வருஷம் அலைந்திருக்கிறார். மகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் தன் கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரில் பாதி அழிந்துவிட்டது, கடைசியில் ‘சேரி’ மட்டும் தெரிகிறது. நம் காரைக்கால் கோட்டுச்சேரியா, வேறு எதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. புதுக் கண்ணால் நீ பார். கூட ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொள்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாம்பழம் எறியும்போது உன் வீட்டு மொட்டைமாடியில் எனக்கு இடம் வை. தங்கச்சிக்கு மூட்டுவலிக்குப் போடும் அந்த ஃபிரெஞ்சுக் களிம்பு வேண்டுமென்றால் பெயரை எழுதச் சொல். நான் வருவதற்குள் கோட்டுச்சேரிப் பக்கம் வயசானவர்கள் யாரிடமாவது நகலைக் காட்டி விசாரித்துவிடு. பெரியவருக்கு எண்பத்துச் சொச்சம் ஆகிறது, பதிலைத் தாமதிக்க எனக்கு மனசில்லை.

அன்புடன்,
கலியபெருமாள்