"போதும், கர்த்தாவே" என்ற ஜெபத்துக்கு வந்த பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களின் களைப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவர்கள் கூறியிருந்த ஆலோசனைகள் யாவும் தேவையானவையே. அந்தக் களைப்பு ஒருவருடைய இறைநம்பிக்கையை என்ன செய்துவிடும் என்பதை அனுபவித்தவள் என்ற முறையில் நானும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் கணவரை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தேன். அவர் காலமானபின் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடவுள் இல்லை என்று நான் முடிவு செய்துவிடவில்லை. அவரிடம் பேச எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், இன்னும் உறுதியான விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள், ஆயினும் அந்த வார்த்தைக்குப் பிறகு பைபிளைத் தொடவும் எனக்குக் கூசியது.

அடுத்த ஆண்டு எங்கள் சபையின் அசனம் வந்தது. சபையார் கொடுக்கும் அரிசியையும் காய்கறிகளையும் கொண்டு பெரிய பாத்திரங்களில் சமைத்து, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துக்கு எங்கள் பக்கத்தில் அசனம் என்று பெயர். நான் போகவில்லை. பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு தூக்குவாளியில் அசனச் சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "ஆறுறதுக்குள்ள சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டேன், படுத்து, விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன். எழுந்தபோது, பள்ளிப் பருவத்தில் படித்த எலியா தீர்க்கதரிசியின் கதை நினைவுக்கு வந்து, பைபிளில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன்.

அதற்கு முந்திய அதிகாரத்தில், கர்மேல் பர்வதத்தில் பாகால் என்னும் தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனியாளாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர் எலியா. அவரே இந்த அதிகாரத்தில் யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி, தென்திசையில் பெயெர்செபாவரை ஓடி, வேலைக்காரனையும் அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். எங்கள் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சூரை என்றால் கை கிழியப் பழம் பறித்த முட்புதர் நினைவுக்கு வரும். எலியா படுத்திருந்தது பாலைநிலத்தில் வளரும் வேறொரு செடியின் அடியில் என்று சொல்வார்கள். ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்தெடுத்த அந்தச் சொல், நிழல் தேடிப் போனவனுக்குக் கிடைத்த நிழல் எத்தகையது என்பதை எனக்குப் புரியவைத்தது.

சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குக் கடவுள் உடனே அறிவுரை கூறவில்லை. தூதன் தட்டியெழுப்பிச் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா புசித்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. முதல் உணவோடு அவர் எழுந்து ஓடிவிடவில்லை. அதற்காகத் தூதன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இரண்டாந்தரமும் வந்து எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். நானும் அப்படித்தான் மறுபடி படுத்துக்கொண்டேன். இரண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு நின்றுவிட்டேன். பெரியம்மா மறுபடியும் அதே தூக்குவாளியோடு வந்தார்கள்.

நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன எலியா, நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்ற தன் முறையீட்டை அங்கே இரண்டு முறை சொல்கிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து, "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்டபின்னும் அதே முறையீடுதான். கடவுள் அதை இரண்டு முறையும் கேட்கிறார். பிறகுதான் செய்யவேண்டிய வேலையையும், துணைக்கு எலிசாவையும், பாகாலை வணங்காதவர்கள் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியையும் கொடுக்கிறார். உணவும் உறக்கமும் முதலில், பேச்சு அதற்குப் பிறகு என்ற இந்த ஒழுங்கே என்னை ஆலயத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவும், தம்மை மறுதலித்த சீடர் பேதுருவிடம் திபேரியாக் கடற்கரையில் கேள்வி கேட்குமுன், கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதானே அழைத்தார்?

இதை வாசிப்பவர்களில் இன்று சூரைச்செடியின்கீழ் கிடப்பவர்கள் இருப்பார்கள். "போதும்" என்று சொல்லிவிட்டதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். அதுவும் ஜெபமாகவே வேதத்தில் பதிவாகியிருக்கிறது. ஆறுதல் கூறப் போகிறவர்களிடம் நான் கேட்பது, கையில் வசனத்தோடு மட்டும் போகாதீர்கள் என்பதே.

எங்கள் சபைப் பெண்கள் நால்வர் இப்போது சனிக்கிழமைதோறும் படுக்கையில் நோயாளி இருக்கும் வீடுகளுக்குச் சோறு கொண்டுபோய், நோயாளியின் அருகில் சிறிது நேரம் அமர்ந்திருக்கிறோம். சென்ற வாரம் ஒரு வீட்டில், தாயைக் கவனித்துவரும் மகள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். அவள் விழித்துவிடாதபடி நாங்கள் சத்தமில்லாமல் ஜெபித்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்