“கைவினைக் கடதாசி” என்று அனுப்பிய 120 தாள்கள் பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
14.11.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

ஒக்டோபர் 9ஆம் திகதி உங்கள் நிறுவனத்தில் ஓடர் கொடுத்து, காசையும் முழுதாகக் கட்டிய வாடிக்கையாளர் நான். ஓடர் இலக்கமும் பற்றுச்சீட்டின் படமும் இக்கடிதத்தோடு இருக்கின்றன. வட்ஸ்அப்பில் உங்கள் ஆட்களோடு இரண்டு கிழமை பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வேறொருவர் வந்து முதலிலிருந்து கதை கேட்கிறார். அதனால்தான் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் வீட்டிலிருந்து கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று பரிசுப் பொதி சுற்றிக் கொடுக்கிறேன். தட்டு அலங்காரம், கேக் பெட்டி, கடதாசிப் பூ எல்லாம் செய்வேன். பெரிய வியாபாரம் இல்லை. ஒரு மேசை, இரண்டு கத்தரிக்கோல், அவசரமென்றால் கைகொடுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். களுவாஞ்சிகுடியில் நவம்பர் 3ஆம் திகதி நடந்த ஒரு கலியாணத்துக்கு 21 தட்டும் 200 கேக் பெட்டியும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பெண்ணின் தாய் முதலிலேயே சொல்லிவிட்டார்: பளபளக்கிற கடைக் கடதாசி வேண்டாம், கையால் செய்த கடதாசிதான் வேண்டும்.

அதற்காக உங்களிடம் வாங்கியவை: கிறீம் நிறத்தில் பூவிதழ் கலந்த தாள் 60, மெரூன் நிறத்தாள் 60, எல்லாம் 22க்கு 30 அங்குலம், ஒன்று 340 ரூபாப்படி 40,800 ரூபா. சாட்டின் ரிபன் 6 ரோல், 2,880 ரூபா. கூரியர் 1,450 ரூபா. மொத்தம் 45,130 ரூபா.

ஐந்து வேலைநாளில் வரும் என்ற பார்சல் 26ஆம் திகதிதான் வந்தது. ஒரு பக்கம் மழைநீர் இறங்கி மட்டை ஊறியிருந்தது. அதைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. கூரியர்காரர் மேல் பழியைப் போட்டு நீங்கள் தப்பிவிடுவீர்கள், எனக்கும் இந்தப் பக்கத்து மழை தெரியும். என் முறைப்பாடு உள்ளே இருந்த கடதாசியைப் பற்றியது. அது கையால் செய்த கடதாசியே இல்லை.

எப்படித் தெரியும் என்று உங்கள் பிரிவில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான், விளக்கமாகவே சொல்கிறேன்.

என் அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்வதற்கென்று 1950களில் எழுந்த ஆலை அது. சின்ன வயதில் வீட்டுக்கு எந்தக் கடதாசி வந்தாலும் அப்பா அதை முதலில் வாசிக்க மாட்டார். மூலையில் ஒரு துண்டைக் கிழித்துப் பார்ப்பார். “கிழிச்சிப் பாருங்க மகள், கடதாசி தானாச் சொல்லும். மறுகா மற்றப் பக்கமும் கிழிங்க” என்பார். மெஷினில் ஓடுகிற வலையின் மேல் கூழை ஊற்றும்போது, நார்கள் பெரும்பாலும் வலை ஓடுகிற பக்கமாகவே படுத்துவிடும். இதை அப்பா ‘ஓட்டம்’ என்பார். ஓட்டத்தோடு கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் பல்லுப் பல்லாகக் கோணிக்கொண்டு போகும். கையால் செய்கிறவர்கள் வலைச்சட்டத்தைக் கூழில் முக்கி எடுத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டுவார்கள். நார்கள் நாலாபக்கமும் பின்னிக்கொள்ளும். அந்தத் தாளை எந்தப் பக்கம் கிழித்தாலும் ஒரே மாதிரித்தான் கிழியும்.

உங்கள் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தேன். அடிமட்டம் வைத்தது போல நேரே போனது. குறுக்கே கிழித்தேன், முதலை வாயைப் போல வந்தது.

ஒரு சோதனையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அடுத்ததையும் செய்தேன். ஆகஸ்ட் மாதம் நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய இரண்டு தாள்களை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மாதிரித் தாளில் ஒரு நாலங்குலச் சதுரம், இப்போது வந்த தாளில் ஒரு நாலங்குலச் சதுரம் வெட்டி, ஒரு தாம்பாளத் தண்ணீரில் இரண்டையும் மிதக்கவிட்டேன். இப்போது வந்தது சில வினாடிகளுக்குள் இரண்டு ஓரமும் எழும்பி, சுருட்டுப் போலச் சுருண்டுகொண்டது. மாதிரித் தாள் கொஞ்சம் நெளிந்து அப்படியே கிடந்தது. அந்த வீடியோவை 27ஆம் திகதி உங்களுக்கு அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் விழவில்லை.

பூவிதழ் விஷயம் இன்னும் நன்றாக இருக்கிறது. மாதிரித் தாளில் உண்மையான இதழ் இருந்தது, விரலால் தடவினால் தட்டுப்பட்டது, நகத்தால் சுரண்டினால் கழன்றது. இந்தக் கிறீம் தாள்களில் இருப்பது அச்சடித்த இதழ். பத்துத் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையைப் புரட்டிப் பார்த்தேன். வலது பக்க மூலையில், ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, நுனி மடங்கிய ஒரு மஞ்சள் இதழ். அடுத்த தாளிலும் அதே இதழ், அதே மடிப்பு, அதே இடம். 60 தாளையும் எண்ணினேன். செவ்வந்தி பூக்கும், உதிரும், ஆனால் 60 தடவை ஒரே இடத்தில் உதிர்ந்ததை நான் கண்டதில்லை.

தாளின் ஓரமும் அப்படித்தான். சட்டத்தின் விளிம்புக்கடியில் கூழ் கசிவதால் கைக்கடதாசியின் ஓரம் மெலிந்து, பஞ்சு பிய்த்தாற்போல் முடியும். உங்கள் தாளின் ஓரம் நெளிநெளியாக இருந்தாலும் தடிப்புக் குறையவில்லை. அலை வடிவக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது உங்கள் பிரிவிலிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “ஓரங்கள் எமது பணியாளர்களால் கையால் வெட்டப்படுவதால் இது கைவினைத் தயாரிப்பாகும்.” அந்தக் கணக்குப்படி, கடையில் வாங்கிய பாணை நான் கத்தியால் வெட்டினால் அது வீட்டில் சுட்ட பாணாகிவிடும்.

சரி, கடதாசி கடதாசிதானே, சுற்றினால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். கிறீம் தாளைப் பொறுத்தவரை நானும் ஓரளவுக்கு அப்படித்தான் செய்தேன். பெண்ணின் தாயைக் கூப்பிட்டு, இது கைக்கடதாசி இல்லை மாமி, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று உண்மையைச் சொல்லி, கூலியைக் குறைத்துக்கொண்டு அதிலேயே 200 கேக் பெட்டியையும் செய்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் களுவாஞ்சிகுடிக்கும் கல்லடிக்கும் இடையில் எவ்வளவு தூரம்? இங்கே பெயர் கெட்டால் அடுத்த கலியாணத்துக்கு என்னை யார் கூப்பிடுவது?

மெரூன் தாளில்தான் முழுதாக விழுந்தேன். கைக்கடதாசி என்றால் கூழிலேயே சாயம் கலப்பார்கள், வெட்டிப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். உங்களுடையது வெள்ளைத் தாளின் மேல் சாயம் பூசியது. தாமரை மடிப்புக்கு மடித்து நகத்தால் தேய்த்தவுடன் மடிப்பு நெடுக வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு வெடித்தது. ஒரு தாமரைக்குப் பன்னிரண்டு மடிப்பு. பூவெல்லாம் சிரங்கு பிடித்தாற்போல் ஆனது. மெரூன் பேனா எடுத்து ஒவ்வொரு கோடாகப் பூசிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. எட்டுப் பூவோடு கை ஓய்ந்துபோயிற்று.

அப்புறம் மாப்பிள்ளையின் வேட்டி சால்வைத் தட்டு. பெட்டியின் உட்புறத்தில் மெரூன் தாளை விரித்து, அதன்மேல் பட்டுவேட்டியை வைத்து, கலியாணத்துக்கு முதல்நாள் மாமி வந்து பார்ப்பதற்காக மேசையில் வைத்திருந்தேன். அன்று விடியற்காலையிலிருந்து மழை, வீடு முழுக்க ஈரக்காற்று. மாமி மூடியைத் திறந்து வேட்டியை மெல்லத் தூக்கினார். “இதென்ன பிள்ள, வேட்டியில சிவப்பு? குங்குமம் பட்டுட்டா?” என்றார். குங்குமம் இல்லை. வேட்டியின் அடிமடிப்பில் உள்ளங்கை அளவுக்கு உங்கள் சாயம் இறங்கியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். டவுனுக்கு ஓடிப்போய் 8,500 ரூபாவுக்கு வேறு வேட்டி வாங்கிவந்தேன், என் காசில்.

அன்றிரவு மெரூன் தாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மருதமுனையில் எடுத்து வைத்திருந்த கைத்தறித் துணித் துண்டுகளை வெளியே எடுத்தோம். ஜப்பானியர் சதுரத் துணியில் பொருளை வைத்து முடிச்சுப் போட்டுப் பொதி கட்டுவார்கள், ஃபுரோஷிகி என்று பெயர். நமக்கும் புதிதில்லை, ஆச்சிமார் கோயிலுக்குப் பொங்கல் சாமான் கட்டிக்கொண்டு போனதும் துணிப் பொட்டலம்தான். தட்டுக்கு ஒரு துணி, முடிச்சுக்குள் பனங்குருத்தோலையில் மடித்த ஒரு கிளி, ரிபனுக்குப் பதிலாகச் சாயமிட்ட பன்புல். இருபத்தொரு தட்டும் விடியற்காலை நாலு மணிக்கு முடிந்தது. கலியாண வீட்டில் கடதாசியை யாரும் தேடவில்லை, துணி எங்கே வாங்கியது என்றுதான் கேட்டார்கள். அதற்காக நீங்கள் செய்தது சரியென்று ஆகிவிடாது.

ரிபனையும் அளந்தேன். ஒரு ரோலில் 25 யார் என்று எழுதியிருக்கிறது, ஆறு ரோலிலும் 22 யார்தான் இருந்தது. 18 யார் குறைவு, உங்கள் விலைக்கு 345 ரூபா 60 சதம். அதை நான் கேட்கப்போவதில்லை, ஆனால் தெரியாமல் விட்டேன் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது இது. மெரூன் தாள் 60க்குமான 20,400 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். கிறீம் தாளை நான் பாவித்துவிட்டேன், அதனால் முழுக் காசைக் கேட்பது நியாயமில்லை. அதே போன்ற மெஷின் தாள் மட்டக்களப்பு டவுனில் 120 ரூபாவுக்குக் கிடைக்கிறது, வித்தியாசம் 220 ரூபாப்படி 60 தாளுக்கு 13,200 ரூபா. வேட்டிக்கு 8,500. கூரியர் 1,450. ஆக 43,550 ரூபா. துணிக்கும் இராவிரவாக விழித்திருந்த பிள்ளைகளின் கூலிக்கும் நான் கணக்குப் போடவில்லை. துணி என் கையிருப்பு, கூலியை நானே கொடுத்துவிட்டேன்.

காசைவிட எனக்கு முக்கியமானது இன்னொன்று. உங்கள் இணையப் பக்கத்தில் இந்தத் தாளின் படத்துக்குக் கீழே இன்றைக்கும் ‘100% கையால் செய்தது’ என்று இருக்கிறது. அதை எடுங்கள். மெஷின் தாள் விற்பது குற்றமில்லை, நானே வேறு வேலைகளுக்கு வாங்குவேன். மெஷின் தாள் என்று சொல்லி, மெஷின் தாளின் விலைக்கு விற்றால் போதும். மாதிரிக்கு உண்மையான கைக்கடதாசியை அனுப்பி, ஓடருக்கு வேறொன்றை அனுப்பியதைத் தவறுதலாக நடந்தது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த நாட்டில் கூழ் அரைத்து, சட்டம் முக்கி, தாள் தாளாகக் காயவைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஒரு தாளுக்கு 340 ரூபா கொடுக்க எனக்கு ஒருநாளும் மனவருத்தம் இருந்ததில்லை.

இந்த மாதம் 29ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும், எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கெனவே பேசிவிட்டேன். பதிலைத் தமிழில் எழுதுங்கள். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஆங்கிலத்தில் தானாக வருகிற செய்தி ஏழு தடவை வந்துவிட்டது, எட்டாவது வேண்டாம்.

கிழித்த துண்டுகள், தண்ணீரில் போட்ட சதுரங்கள் இரண்டும் காயவைத்து, மாதிரித் தாளின் ஒரு துண்டு, இதழ் அச்சு விழுந்த மூலைகள் ஐந்து, வேட்டியின் படம், புது வேட்டியின் பற்றுச்சீட்டு எல்லாம் இதனுள் வைத்திருக்கிறேன். பாவிக்காத மெரூன் தாள் 46 என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுவேன், கூரியரில் வேண்டுமென்றால் செலவு உங்களுடையது. எதுவானாலும் கொஞ்சம் கெதியாகச் செய்யுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது, அந்தச் சாயம் அலுமாரிக்குள் இருக்கிற மற்றத் தாள்களிலும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
மேற்படி ஓடருக்குரிய வாடிக்கையாளர்