ஐந்து படி ஏறி முடிக்கிற காரியமா துக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் துக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்தை வரிசையாகப் போட்டு, யாராக இருந்தாலும் இதையெல்லாம் கடந்துதான் வெளியே வரவேண்டும் என்று முடித்திருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஐந்தையும் 1969ல் சொன்ன மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் அப்போது பேசிப் பார்த்தது சாகக் கிடந்த நோயாளிகளிடம். இனி பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர்களுக்கும் அதையே பொருத்தியது அப்புறம். அதிலும் அவரே கடைசிக் காலத்தில், எல்லோருக்கும் எல்லாமும் வராது, இந்த வரிசையிலும் வராது என்று சொல்லிவிட்டார். அதைத்தான் யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது.

என் தம்பி மூன்று வருடங்களுக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. எனக்குப் போன் வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது, இதில் யாரிடம் போய்ப் பேரம் பேசுவது? அம்மா அழுதுகொண்டே இருந்தாள். அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்காவது நாள் தம்பியின் பைக்கைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தார். "பெத்த பிள்ளை போயிருக்கு, மனுஷன் ஸ்பேனரும் கையுமா நிக்கிறாரே" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆறு மாதம் நான் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அழுது தீர்க்கிறவர்கள் இருப்பதைப் போலவே, கைவேலையில் தீர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒரு மனநல ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் நான் போனதும் அப்பாவைப் பற்றிப் புகார் சொல்லத்தான்!

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999ல் எழுதியது. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி போய்வந்துகொண்டிருப்பார்கள், அப்படிக் கொஞ்ச நேரம் விலகி இருப்பதும் சமாளிப்பதன் ஒரு பகுதிதான் என்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. ஏனென்றால் காலையில் அவன் சட்டையை முகர்ந்து அழுதுவிட்டு, மத்தியானம் வங்கியில் அவன் கணக்கை முடிக்க வரிசையில் நின்றபடி யாரோ அனுப்பிய ஜோக்குக்குச் சிரித்தவள் நான், சிரித்த அந்த நொடியிலிருந்து ராத்திரி வரைக்கும் குற்ற உணர்ச்சியில் செத்தேன்.

அம்மா இன்னமும் அவன் படத்தோடு பேசுகிறாள். "மறந்துட்டு வெளியே வா" என்று அவளுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. மனதை ஆராய்ந்த மருத்துவர் ஃபிராய்டும் 1917ல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார், இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று. 1920ல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். 1929ல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில், அன்றைக்குச் சோஃபி இருந்திருந்தால் 36 வயது என்று கணக்குச் சொல்கிறார், அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்கிறார். ஒன்பது வருடம் கழித்தும் மகளின் வயதை எண்ணிக்கொண்டிருந்த மனுஷர் அவர். என் அம்மா படத்தோடு பேசினால் என்ன குறைந்துவிட்டது?

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி போனபிறகு என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், "அம்மா எப்படி இருக்காங்க?" நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கூடப்பிறந்தவர்கள், நண்பர்கள், விவாகரத்தான முன்னாள் துணை, கருவிலேயே குழந்தையை இழந்தவர்கள் என்று துக்கப்பட உரிமை இல்லாதவர்களைப் போல நடத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். கென்னத் டோக்கா என்ற துக்க ஆய்வாளர் 1989லேயே இதற்கென்று ஒரு பெயர் வைத்து எழுதினார். உங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

எப்போது உதவி தேடவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறு 2022ல் சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு வருடம் கழிந்தும், அநேகமாகத் தினமும், அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் அப்படியே இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்று வைத்திருக்கிறது. ஐந்து படிகளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து மருத்துவரிடம் போயிருப்பார்.

அடுத்த இதழில் ஒரு திருத்தமாவது போடுங்கள். அப்பாவிடம் அந்தக் கட்டுரையை நான் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறார், இப்போது பக்கத்தில் நானும் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி