மரத்தரைக்கு அடியில்

கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

வணக்கம். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்காகத் தருமபுரி வீட்டின் முன்னறையில் மரத்தரை போடப் போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. சென்ற மாதம் முழுவதும் நான் அப்படிப்பட்ட ஒரு தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் குளிர் அம்மாவின் கால்களுக்கு ஆகவில்லை என்று 2017-இல் அவர் அறையின் பழைய ரெட் ஆக்சைடு தரைமேலேயே லேமினேட் பலகை போட்டது உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் கட்டிலைச் சுற்றி நாங்கள் எத்தனை முறை துடைத்தோம் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் அம்மா போன பிறகும் சிறுநீர் வாடை போகவில்லை. ஃபினாயில் ஊற்றினோம், சாம்பிராணி போட்டோம். கோடையில் ஒழிந்தது போலிருக்கும். மழைக்காற்று அடித்ததும் திரும்பிவிடும். காய்ந்த சிறுநீரில் எஞ்சும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை என்பதையும், காற்றில் ஈரம் ஏறும்போது வாடை மறுபடி எழும் என்பதையும் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

தச்சர் சுவரோரத்து ஸ்கர்ட்டிங் பட்டியை நெம்பி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பலகையாகச் சாய்த்துக் கழற்றினார். கட்டில் இருந்த இடத்தில் பலகைகளின் விளிம்புகள் ஊறிய அப்பளம் போல உப்பியிருந்தன. அவற்றுக்குக் கீழே விரித்திருந்த மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டைத் தூக்கியபோது இருவரும் வாசலுக்கு ஓடினோம். ஃபோம் குடித்திருக்கும் என்று நினைத்தேன். அது சொட்டும் குடிக்கவில்லை. பலகை இடுக்குகளில் இறங்கிய ஈரத்தை ஆவியாக விடாமல் அடியிலேயே மூடி வைத்திருந்தது. மேலே எவ்வளவு துடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ஃபோமைக் கட்டரால் கீற்றுக் கீற்றாக அறுத்து, ஈரப்பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டிச் சாக்கில் கட்டினோம். பலகைகள் வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று கேட்டவரிடம் கொடுக்க மறுத்துவிட்டேன். மரத்தூளைப் பிசின் வைத்து அழுத்திய அந்தப் பலகையின் புகை நெஞ்சுக்கு நல்லதில்லை. தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டலாம் என்ற தச்சரையும் தடுத்தேன். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். நாய் வளர்ப்பவர்கள் வாங்கும், சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, காய்ந்துவிடாதபடி ஈரச்சாக்கால் மூடி ஓர் இரவு விட்டேன். இப்படி மூன்று முறை.

அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வழவழப்பாக்கிய தரை அது. ஆகவே வெடிப்புகளைத் தவிர வேறெங்கும் ஆழமாக இறங்கவில்லை. சுவர்தான் மோசம், அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஊறியிருந்த பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினோம். பத்து நாள் மின்விசிறி ஓடியது. பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் தரையில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்தேன். அடியில் ஈரம் கோக்கவில்லை. வெடிப்புகளை அடைத்ததோடு சரி, மேலே எதுவும் போடவில்லை.

அப்பாவுக்குக் குளிர்கிறது என்றால் பவானி ஜமக்காளம் இரண்டு வாங்கி விரி. நனைந்தால் துவைத்து வெயிலில் போடலாம். மெத்தைமேல் ரப்பர் ஷீட்டும் இருக்கட்டும். மரத்தரைக்கு முன்பணம் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, நிறுத்திவிடு.

இன்னொன்று. வாடை போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் எங்கள் மூக்கு அதற்குப் பழகியது. அடுத்த மழை நாளில் நீ வந்து அந்த அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு ஓர் இரவு படுத்திருந்து, காலையில் உள்ளதை உள்ளபடி சொல்.

அன்புடன்,
உன் நண்பன்