நிக்கோ இல்லாத மெய்டன்: பர்மிங்ஹாமிலிருந்து தம்பிக்கு

பர்மிங்ஹாம்,
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மாவை சர்க்கரை அளவை நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல். வாய்க்கணக்கு எனக்கு உதவாது. மற்ற வீட்டு விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாம்.

அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவில் டிரம்மர் நிக்கோ போனதும், "மெய்டன்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை" என்று கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு நீயும் உன் கூட்டாளிகளும் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். இந்த ஊரிலும் அதே வழக்குதான் ஓடுகிறது. பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய் மேலே உள்ள பாலத்துக்கே இந்த ஊர் மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் பேர், அந்தக் குழுவின் நாலு பேர் முகத்தோடு ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். ஆகவே மெட்டல் என்கிற இந்த முரட்டு ராக் இசை இங்கே வாலிபப் பசங்க சமாச்சாரம் இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு வந்து படுத்திருக்கிற அறுபத்தைந்து வயசுக்காரர்கள்தான் பயங்கரமாக வாதாடுவார்கள்.

முதல் சண்டை நிக்கோ மெக்பிரெயினைப் பற்றி. 2023 ஜனவரியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்தது. அந்த மே மாதமே டூருக்கு வந்துவிட்டார். ஆனாலும் 'த ட்ரூப்பர்' பாட்டில் வரும் வேகமான டிரம் உருட்டலை முன்போல வாசிக்க வரவில்லை என்று அவரே சொன்னார். ஸ்ட்ரோக் வந்த கையில் பலம் முதலில் திரும்பும். வேகமான நுணுக்க அசைவு கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க வைக்கிற டபுள் பெடல் இல்லாமல், வலது காலை மட்டும் நம்பி வாசித்த மனுஷனுக்கு விழுந்தது அதே வலது பக்கம். 2024 டிசம்பர் 7, சாவோ பாலோ கச்சேரியோடு டூரை விட்டார், வயசு 72. இப்போது சைமன் டாசன் வாசிக்கிறார். மெய்டனின் பாஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் பல வருஷம் கூட வாசித்தவர் என்பதால் பாஸ் கிதாரும் காலால் அடிக்கிற டிரம்மும் சேர்ந்து விழுவதில் கோளாறு இல்லை. நிக்கோவின் அந்தத் துள்ளல் இல்லை என்று குறை சொல்கிறார்கள். இல்லைதான். திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை செண்டை மேளத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் பிரமாணியாக, அதாவது தலைமைக் கலைஞராக நின்ற பெருவனம் குட்டன் மாராருக்குப் பதில் 2023இல் கிழக்கூட்டு அனியன் மாரார் வந்தபோது நம்ம பக்கத்து மேளக் கிறுக்கர்கள் பேசியதும் இதே பேச்சுதானே? ஆள் மாறினால் கை மாறும். காலம் தப்புகிறதா என்று மட்டும் பார்.

அடுத்தது மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் குரல். வயசு 67. நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய்க் கட்டி வந்து 2015இல் சிகிச்சை எடுத்தவர். வயசானால் குரல்வளைக் குருத்தெலும்பு இறுகும், ஆண்களுக்குக் குரல்நாண் வறண்டு இளைக்கும், மேல் ஸ்தாயி மெலியும். பெரும்பாலான குழுக்கள் இதற்குச் செய்கிற வைத்தியம் எல்லாக் கிதாரின் சுருதியையும் அரை ஸ்தானம், அதாவது ஒரு ஃப்ரெட் அளவு இறக்குவது. அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா பல வருஷமாக மேடையில் அப்படித்தான் வாசிக்கிறது. மெய்டன் பழைய பாட்டுகளை இன்றைக்கும் பதிவு செய்த சுருதியிலேயே வாசிக்கிறது. இறக்கினால் என்ன நஷ்டம் என்று உன் கிதாரிலேயே தெரிந்துகொள்ளலாம். கழுத்து முனையில் கம்பியை இறுக்கிப் பிடிக்கிற லாக் நட்டைத் தளர்த்தி ஆறு கம்பியையும் அரை ஸ்தானம் இறக்கு. கம்பியின் இழுவிசை குறைந்ததும் பின்னால் உள்ள ஸ்பிரிங் ஜெயித்து, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் கிதாரின் உடம்புக்குள் அமுங்கும், கம்பி ஃப்ரெட்டில் உரசி ஜர்ர் என்னும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்று கால் சுற்றாக இடப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுருதி சேர்த்துப் பார். பிரிட்ஜ் உடம்புக்கு இணையாக வந்த பிறகுதான் லாக் நட்டை இறுக்க வேண்டும். ஸ்க்ரூவைத் தொட மனசில்லையென்றால் 9-42 கம்பிக்குப் பதில் சற்றுத் தடிமனான 10-46 செட் போடு, இழுவிசை ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும். ஆனால் ஹாரிஸ் 50-110 ஃப்ளாட்வவுண்ட் என்கிற வழவழப்பான தடித்த பாஸ் கம்பியை விரலால் அடித்து எழுப்புகிற குதிரை ஓட்டம் இருக்கிறதே, கம்பி தளர்ந்தால் அதன் முனை மழுங்கிவிடும். இறக்காமல் பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நீண்ட பாட்டு கிழவர்களுக்கு ஆகாது என்று நீ எழுதியிருந்தாய். விஷயம் நேர்மாறு. பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் போகிற 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மேரினர்' பாட்டில் நடுவே வெகுநேரம் பாடகனுக்கு வேலையே கிடையாது, தண்ணீர் குடித்துத் தொண்டையை ஆற்றிக்கொள்ளலாம். நாலு நிமிஷத்து வேகப் பாட்டை மூன்று, நான்கு என்று அடுத்தடுத்துப் போட்டால்தான் குரல் கிழியும். 2025 மே 27 புடாபெஸ்ட்டில் தொடங்கிய இந்த டூரில் 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பம் மட்டும்தான். 2000க்குப் பிறகு வந்த நல்ல பாட்டெல்லாம் வெளியே நிற்கிறதே என்று ஒரு கட்சி புலம்புகிறது, அதில் நானும் சேர்த்தி. தீட்டிய திரைச்சீலைக்குப் பதில் எல்இடி திரை, போனை உள்ளே வையுங்கள் என்ற வேண்டுகோள், இதற்கெல்லாம் சண்டை போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"கடைசி டூர்" என்ற அறிவிப்பை மட்டும் நம்பாதே. ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற இன்னொரு பழைய மெட்டல் குழு 2011இல் அப்படிச் சொல்லித்தான் கிளம்பினார்கள், இன்னும் ஓடுகிறார்கள். அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. அவர்களின் கிதார்காரர் கிளென் டிப்டனுக்கு பார்க்கின்சன் நோய் என்று 2018இல் வெளியே சொன்னபின் முழு டூரில் அவர் இடத்தை ஆண்டி ஸ்னீப் ஏற்றார். டிப்டன் முடிந்த ஊரில் மட்டும் வந்து கடைசிச் சில பாட்டு வாசித்தார். அந்த நோய்க்கு லெவோடோபா மாத்திரை நேரம் தவறினால் கை கட்டிப்போட்டதுபோல நின்றுவிடும், வயிறு நிறைய இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டிருந்தால் மாத்திரை சரியாக ஏறாது. இரண்டு மணி நேரக் கச்சேரியை அதை நம்பி ஒப்புக்கொள்ள முடியாது, மூன்று பாட்டை ஒப்புக்கொள்ளலாம். பிளாக் சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் செய்ததும் அதுதான். 2017 பிப்ரவரி 4இல் சபாத் இதே ஊரில் டூரை முடித்தது. 2025 ஜூலை 5 இந்த ஊர் வில்லா பார்க் மைதானத்தில், 2005க்குப் பிறகு முதல் தடவையாக நாலு பேரும் ஒன்றாக மேடை ஏறினார்கள். ஆஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். ஜூலை 22இல் காலமானார், வயசு 76. குரல் பிசிறியதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் டூர் என்று டிக்கெட் விற்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மெய்டன் நிறுத்த வேண்டாம், குறைக்கட்டும். பிறந்த வருஷத்தைப் பார்க்காதே, டூர் தேதிகளைப் பார். அடுத்தடுத்த இரவுகள் குறைந்து நடுவே இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் தங்கள் உடம்பை அவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுருதி இறங்கி, பாட்டின் வேகமும் இறங்கி, மேல் ஸ்தாயி வரும் இடத்தில் எல்லாம் மைக் கூட்டத்தின் பக்கம் திரும்பினால் அப்போது நீ சொன்ன மரியாதையைப் பேசலாம்.

2026 ஜூலையில் ஸ்டீவனேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நெப்வொர்த்தில் மெய்டன் வாசிக்கிறார்கள். வருவதாக இருந்தால் அதிகாரபூர்வ இடத்தில் மட்டும் டிக்கெட் வாங்கு, மறுவிற்பனைக்காரனிடம் போகாதே. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ஸ்டீவனேஜுக்கு ரயில் அரை மணிதான், ஆனால் திரும்பும்போது ஊரே ஒரே ரயிலுக்கு நிற்கும், தங்க இடம் முதலிலேயே பிடித்துவிடு. குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துவா. காதடைப்பான் 20 டெசிபல் குறைக்கிறதாக இருக்கட்டும். 100 டெசிபல் சத்தத்தைக் காது கால் மணி நேரம்தான் தாங்கும், கச்சேரி இரண்டு மணி நேரம். பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா